வெட்டும் முன் கரையைப் பாருங்கள்: பழைய சேலையில் பேத்திக்குப் பாவாடை, பொம்மைக்குப் பாய்

பழைய சேலையை விரித்ததும் கத்தரியைத் தேடாதீர்கள். முதலில் அதன் கரையைப் பாருங்கள். அந்த ஓரம் பிசிர் வராதபடி தறியிலேயே முடிந்து வந்திருக்கிறது. நாம் மடித்து அடித்தாலும் அத்தனை நேர்த்தி வராது. அந்தக் கரையே பாவாடையின் அடிப்பக்கமாக வரும்படி வைத்துக்கொண்டால் பாதி வேலை அங்கேயே முடிந்தது. ஆண்கள் சட்டையில் பட்டன் பட்டி அப்படி. கைக்குட்டையில் நாலு ஓரமும் அப்படி. பழைய துணியில் தைக்கிறவர்கள் முதலில் பழக வேண்டியது இதைத்தான்: ஏற்கெனவே யாரோ முடித்து வைத்த வேலையைக் கெடுக்காமல் அப்படியே எடுத்துக்கொள்வது. எனக்கு இது புரிவதற்குள் மூன்று சேலைகள் பாழாயின.

நான் இருப்பது ராமநாதபுரம் மாவட்டத்தில், மண்டபம் ஊர்ப் பக்கம். மகள் சென்னையில். பேத்திக்கு நாலு வயது, பேரனுக்கு ஒன்றரை. கோடை லீவுக்கு சேது எக்ஸ்பிரஸில் வந்து இறங்கும்போது பேத்தியின் கையில் ஒரு பொம்மை இருக்கும், அதன் மேல் துணி இருக்காது. வந்த அன்றைக்கே, "அம்மாச்சி, இதுக்கும் எனக்கும் ஒரே மாதிரி" என்று உத்தரவு போட்டுவிடுவாள். நான் தையல்காரி கிடையாது. கல்யாணச் சீராக வந்த மிதி மிஷின் ஒன்று இருக்கிறது, நேர்த் தையல் ஓட்டத் தெரியும். இங்கே சொல்லப் போவதற்கு அது போதும். மிஷின் இல்லாதவர்கள் கையாலேயே தைக்கலாம், நேரம்தான் கூடுதலாகும்.

தொடங்குகிறவர்களிடம் பொம்மைச் சட்டையில் கைபழகச் சொல்வார்கள். சின்னது, சீக்கிரம் முடியும், வீணானாலும் பரவாயில்லை என்பது கணக்கு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பொம்மையின் கைக்குழி கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். அதில் வளைத்துத் தைக்கப் பத்து வருடப் பழக்கம் உள்ளவர்களே திணறுவார்கள். குழந்தையின் பாவாடையோ நாலு நேர்த் தையலில் முடிந்துவிடும். பாவாடையில் தொடங்குங்கள். பொம்மைக்கு முதலில் பாயும் தலையணையும் போதும்.

எது தேறும், எது தேறாது

துணியை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். நைந்த இடம் சல்லடை மாதிரி தெரியும். அந்த இடத்தில் இரண்டு கட்டைவிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். இழை விலகி அப்படியே நின்றாலோ, சர்ரென்று சத்தம் கேட்டாலோ அது உடுப்புக்கு ஆகாது, பொம்மைக்குள் அடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

சேலை எங்கும் ஒன்றுபோல் நைவதில்லை. கொசுவத்தின் அடியும், காலில் உரசும் கரையும் முதலில் போகும். முந்தானையில் தோளுக்கு வரும் இடத்தில் ஊக்கு குத்திய ஓட்டைகள் வரிசையாக இருக்கும். உள்ளே முதல் சுற்றாகச் செருகுகிற பகுதிதான் வெயிலும் உரசலும் படாமல் புதுசு மாதிரி இருக்கும். மேல்கரையும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சட்டையில் காலரும் முழங்கையும் போயிருக்கும், முதுகு தப்பித்திருக்கும். கைலியில் உட்காரும் இடம் போயிருக்கும்.

பரமக்குடி, எமனேசுவரம் தறியில் நெய்த காட்டன் சேலை கைவசம் இருந்தால் அதுதான் முதல் தேர்வு. உடுத்தி உடுத்தி மெத்தென்று ஆகியிருக்கும், இங்குள்ள புழுக்கத்துக்குக் குழந்தையின் உடம்பில் ஒட்டாது. பழைய பட்டுச் சேலையை மட்டும் தொடாதீர்கள். மடிப்பு விழுந்த இடமெல்லாம் இற்றுப் போயிருக்கும், தைத்த பிறகுதான் காட்டிக்கொடுக்கும். என் முதல் சேலை போனது அப்படித்தான். பாவாடையைப் போட்டுக்கொண்டு பேத்தி ஒரு தடவை குதித்தாள், பின்பக்கம் கிழிந்துவிட்டது.

உப்புத் தண்ணீரும் மீன் வாடையும்

இந்தக் கடலோரத்தில் பல வீட்டுக் கிணறும் உவர். அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. அலசி முடித்த துணி காய்ந்ததும் அட்டை மாதிரி விறைக்கும், வெள்ளைத் துணி பழுப்பேறும். வெட்டப் போகும் துணிக்குக் கடைசி அலசல் ஒன்றாவது நல்ல தண்ணீரில் கொடுங்கள், ஒரு வாளி போதும். அதில் இரண்டு மூடி வினிகர் விட்டால் விறைப்பு குறையும். கடலுக்குப் போகிறவரின் சட்டை, கைலி என்றால் மீன் வாடை லேசில் போகாது. வாடைக்குக் காரணமான பொருள் காரத்தன்மை உள்ளது, புளிப்பு பட்டால்தான் அடங்கும். எலுமிச்சைச் சாறோ வினிகரோ கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, அப்புறம் சோப்பு போடுங்கள். புளி கரைக்க வேண்டாம், கறை பிடிக்கும்.

சாயம் போகிறதா என்று வெட்டுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். ஈரமான வெள்ளைத் துணியால் கரையை அழுத்தித் தேயுங்கள். வெள்ளையில் சிவப்பு ஒட்டினால் அந்தக் கரையை வெளிர் நிறத் துணியோடு சேர்க்காதீர்கள்.

அடுத்து கஞ்சி. பழைய காட்டன் தொளதொளவென்று நழுவும். அளந்து வெட்டினால் ஒரு பக்கம் கூடும், ஒரு பக்கம் குறையும். சோறு வடித்த கஞ்சியைத் தண்ணீர் விட்டு நீர்மோர் பதத்துக்குக் கலக்கி, வடிகட்டி, துணியை முக்கி எடுத்து, நிழலில் காயப்போட்டு, லேசான ஈரத்தோடு இஸ்திரி போடுங்கள். காகிதம் மாதிரி அசையாமல் கிடக்கும். தைத்து முடித்ததும் ஒரு தடவை அலசினால் பழைய மென்மை வந்துவிடும். புதிதாகத் தைக்க வருகிறவர்களுக்கு இதைவிட உதவுகிற வேலை வேறு இல்லை. சோம்பல்பட்டு விடாதீர்கள்.

மிஷினும் ஊசியும்

கடல் காற்றுக்கு ஊசி ஒரு மழைக்காலம் கூடத் தாங்காது. துருப்பிடித்த ஊசியில் தைத்தால் துணியில் பழுப்புப் புள்ளி விழும், இழையும் அறுபடும். என் அப்பத்தா சீப்பில் சிக்கும் முடியைச் சுருட்டிச் சேர்த்து, துணிக்குள் அடைத்து, உருண்டையாகத் தைத்து ஊசி குத்திவைப்பார். முடியில் இருக்கிற எண்ணெய்ப் பசை ஊசியைத் துருவேறாமல் காக்கும். நான் மிஷின் எண்ணெய் தடவிய ஃபிளானல் துணியில் சுற்றி, மூடி இறுகிய டப்பாவில் போட்டுவைக்கிறேன். மிஷினைக் கடலைப் பார்த்த ஜன்னலோரம் வைக்காதீர்கள். மாதம் ஒரு தடவை பாபின் கேஸைக் கழற்றிப் பார்த்தால் நூல் தூசோடு மணலும் இருக்கும், பிரஷ்ஷால் தட்டிவிட்டு ஒரு சொட்டு மிஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். சில நாளில் பிசுபிசுத்து மிதியே நகராது.

காட்டன், பாப்ளின் துணிக்கு 14-ஆம் நம்பர் ஊசி. மல் மாதிரி மெல்லியதற்கு 11. ஜீன்ஸுக்கு 16. பழைய நூல்கண்டை ஒரு முழம் இழுத்து வெடுக்கென்று சுண்டிப் பாருங்கள், அறுந்தால் தூக்கிப் போடுங்கள். பழைய எலாஸ்டிக்கை எடுத்து மறுபடி கோக்கிற சிக்கனமும் வேண்டாம். எலாஸ்டிக் வெக்கையில் இற்றுப் போகும்.

அளவு

குழந்தை பக்கத்தில் இல்லாவிட்டால், நன்றாகப் பொருந்துகிற பழைய உடுப்பு ஒன்றை அனுப்பச் சொல்லுங்கள். போனில் அளவு கேட்காதீர்கள். என் மகள் கனமான உடுப்பின் மேலேயே டேப்பைச் சுற்றி அளவு சொன்னாள். அதை நம்பித் தைத்த கவுனுக்குள் பேத்தியும் அவள் தம்பியும் ஒன்றாக நுழைந்து விளையாடினார்கள்.

பாவாடைக்கு இரண்டே அளவு: இடுப்புச் சுற்று, இடுப்பிலிருந்து கணுக்கால். என் பேத்திக்கு 20 இஞ்ச், 22 இஞ்ச். இந்தக் கணக்கிலேயே சொல்கிறேன், உங்கள் வீட்டுக் குழந்தைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

சேலைக்கரைப் பாவாடை

சேலை நீளவாட்டில் எவ்வளவு வேண்டும்? மெல்லிய துணியானால் இடுப்பைப் போல் மூன்று மடங்கு, கனத்த துணியானால் இரண்டு மடங்கு. இங்கே மூன்று மடங்கு, 60 இஞ்ச். ஐந்தரை மீட்டர் சேலை 216 இஞ்ச் வரும், ஆக ஒரு சேலை நல்ல நிலையில் இருந்தால் மூன்று பாவாடை தேறும்.

உயரம் கணுக்கால் வரை 22 இஞ்ச். எலாஸ்டிக் கோக்கிற மடிப்புக்கு ஒன்றரை. அதோடு டக் பிடிக்க 3 இஞ்ச். மொத்தம் 26½. கரையின் விளிம்பிலிருந்து மேல்நோக்கி அளக்க வேண்டும். அடி மடிப்புக்கு ஒன்றும் சேர்க்க வேண்டாம், கரை இருக்கிறதே. சேலை அகலம் 46 இஞ்ச் என்றால் மறுகரையோடு 19½ இஞ்ச் மிஞ்சும். அதைத் தொடாமல் மடித்து வையுங்கள், பொம்மைக்கு வேண்டும்.

டக் என்பது துணியைக் குறுக்கே மடித்துப் பிடித்துத் தைக்கும் வரி. அந்தக் காலத்துப் பட்டுப்பாவாடைகளில் கரைக்கு மேல் இரண்டு மூன்று வரி ஓடும், பார்த்திருப்பீர்கள். அழகுக்கு என்று நினைப்போம், வளர்கிற பிள்ளைக்கு வைத்த கணக்கு அது. அரை இஞ்ச் டக் ஒன்று ஒரு இஞ்ச் துணியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூன்று டக் போட்டால் 3 இஞ்ச் கையிருப்பு. இந்த வயதில் பிள்ளைகள் வருடத்துக்கு ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் வளர்வார்கள். உயரம் ஏற ஏற ஒவ்வொரு டக்காகப் பிரித்துவிட்டால் பாவாடை மேலும் இரண்டு வருடம் வரும்.

துணியை வெட்டுவதைவிடக் கிழிப்பது நல்லது. கைத்தறிக் காட்டனின் ஓரத்தில் அரை இஞ்ச் கத்தரித்துவிட்டு இரண்டு கையாலும் இழுத்தால் இழையோடு நேராகக் கிழியும். கத்தரி பிடித்துப் பழகாதவர்களுக்கு இதைவிட நேரான கோடு கிடைக்காது. கரை வருகிற இடத்தை மட்டும் கத்தரியால் வெட்டிவிட்டுக் கிழியுங்கள், இல்லாவிட்டால் ஜரிகை இழுத்துக்கொண்டு சுருங்கும்.

துணி தட்டையாக இருக்கும்போதே டக்கை முடித்துவிட வேண்டும். கரைக்கு மேலே இரண்டு இஞ்ச் விட்டு, துணியை நல்ல பக்கம் வெளியே தெரியும்படி குறுக்கே மடித்து இஸ்திரி போடுங்கள். மடிப்பின் நுனியிலிருந்து அரை இஞ்ச் தள்ளி ஒரு நேர்த் தையல். மடிப்பைக் கீழே சாய்த்து மறுபடி இஸ்திரி. இப்படி மூன்று. இதற்கு மட்டும் மிஷினில் தையலைப் பெரிதாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பிரிக்கப் போகிறவர் உங்களை வாழ்த்துவார்.

இனி பக்கவாட்டு மூட்டு. ஓரத்தைப் பிசிராமல் அடிக்கிற ஓவர்லாக் மிஷின் வீட்டில் இருக்காது, பிசிர் உறுத்தினால் குழந்தை அரித்துக்கொண்டே இருக்கும். அதனால் இரட்டைத் தையல். துணியின் நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி இரண்டு ஓரத்தையும் சேர்த்து, கால் இஞ்சில் ஒரு தையல் ஓட்டுங்கள். பிசிரை ஒட்டக் கத்தரியுங்கள். உள்வெளியாகத் திருப்பி, மூட்டை இஸ்திரியால் அழுத்தி, முன்னதைவிடக் கொஞ்சம் அகலமாக இன்னொரு தையல். பிசிர் இரண்டு தையலுக்கும் நடுவே பத்திரமாகிவிடும். டக் வரியெல்லாம் இரு பக்கமும் நேருக்கு நேர் வருகிறதா என்று பார்த்து ஊக்கு குத்திக்கொண்டு தையுங்கள். ஒரு வரி இறங்கினால் தூரத்திலிருந்தே தெரியும்.

மேலே கால் இஞ்ச் மடித்து, அப்புறம் ஒன்றேகால் இஞ்ச் மடித்து, சுற்றிலும் தைத்து, இரண்டு இஞ்ச் வாய் விட்டுவிடுங்கள். முக்கால் இஞ்ச் அகல எலாஸ்டிக், இடுப்பைவிட 2 இஞ்ச் குறைத்து 18, ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைக்க ஒரு இஞ்ச் சேர்த்து 19. நுனியில் ஊக்கு மாட்டிக் கோத்து எடுங்கள், முறுக்கியிருக்கிறதா பாருங்கள், ஒட்டித் தையுங்கள், வாயை மூடுங்கள். முடிந்தது.

மூன்று வயதுக்குக் கீழே பிள்ளைகளுக்கு இடுப்பே கிடையாது, வயிறுதான். எலாஸ்டிக் நிற்காமல் சரியும். தோள்பட்டி இரண்டு வைத்துவிடுங்கள். சேலையின் அடியில் அடித்திருந்த ஃபால்ஸைப் பிரித்து எடுத்தால், கரைக்குப் பின்னால் மறைவில் இருந்ததால் கெட்டியாக இருக்கும், அதை நீளவாட்டில் மடித்தால் பட்டி தயார்.

தாத்தா சட்டையில் கவுன்

காலர் நைந்த அரைக்கைச் சட்டையாகப் பாருங்கள். பட்டனைப் போட்டு, தரையில் விரித்து, சுருக்கம் இல்லாமல் தடவிவிடுங்கள். பேத்தியின் பழைய கவுனை அதன்மேல் வையுங்கள். கவுனின் அடி, சட்டையின் அடி மடிப்போடு ஒட்டியிருக்க வேண்டும். அப்படி வைத்தால் அடி மடிப்பும் முன் பட்டன் பட்டியும் காஜாவும் தைத்து முடித்தே கிடைக்கும். காஜா அடிக்கத் தெரியாத என்னைப் போன்றவர்களுக்கு இது பெரிய காரியம். கவுனைச் சுற்றிச் சாக்பீஸால் ஒரு இஞ்ச் தள்ளி வரைந்து, பின்பக்கத்தையும் சேர்த்து வெட்டுங்கள். கழுத்தை மட்டும் வரைந்த கோட்டைவிட அரை இஞ்ச் சின்னதாகவே வெட்டுங்கள். சின்னக் கழுத்தைப் பெரிதாக்கலாம், பெரிய கழுத்தை யாரும் சின்னதாக்க முடியாது.

இங்கே ஒரு சிக்கல் வரும். பெரியவர் சட்டையின் நெஞ்சுப் பை இப்போது பேத்தியின் கழுத்துக்குக் கிட்டே வந்து நிற்கும். பையைப் பிரித்துக் கீழே இறக்கலாம் என்று பிரித்தால், அடியில் துணி வெளுக்காமல் பளிச்சென்று ஒரு சதுரம் தெரியும். தாத்தா பதினைந்து வருடம் பேனாவும் பீடிக்கட்டும் வைத்திருந்த இடம் அது. எவ்வளவு துவைத்தாலும் அந்தச் சதுரம் போகாது. பையைக் கீழே வைத்துவிட்டு, அந்தச் சதுரத்தின் மேல் சேலைக்கரையிலிருந்து ஒரு துண்டை மடித்துத் தைத்துவிடுங்கள். பார்க்கிறவர்கள் டிசைன் என்பார்கள்.

தோளையும் பக்கவாட்டையும் இரட்டைத் தையலில் மூட்டுங்கள். கழுத்துக்கும் கைக்குழிக்கும் கிராஸ் பட்டி வேண்டும். வெட்டி எடுத்த கைகளை விரித்து, மூலையிலிருந்து மூலைக்குச் சாய்வாக ஒன்றேகால் இஞ்ச் அகலத்தில் கீற்றுகளாக வெட்டுங்கள். சாய்த்து வெட்டிய துணி இழுபடும், அதனால்தான் வளைவில் சுருக்கம் விழாமல் திரும்பும். நேராக வெட்டிய பட்டியை வளைவில் வைத்து நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். பட்டியை நல்ல பக்கத்தில் வைத்துக் கால் இஞ்சில் தைத்து, உள்ளே மடக்கி, கையால் ஹெம்மிங் செய்துவிடுங்கள்.

பட்டன் இல்லாத கவுன் தைப்பதானால் கழுத்துச் சுற்று குழந்தையின் தலைச் சுற்றைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். மூன்று வயதுப் பிள்ளைக்கே தலை 19, 20 இஞ்ச் வரும். இதை மறந்தால் உடுப்பு தலையில் மாட்டிக்கொண்டு வீடே அல்லோலகல்லோலப்படும்.

பேரனுக்கு ஒன்றும் இல்லையா என்று கேட்பீர்கள். கைலியில் அரைக்கால் சட்டை. அவனுடைய பழைய கால்சட்டையை நடுவில் மடித்து, மடித்த கைலியின் மேல் வைத்து, ஒரு இஞ்ச் தள்ளி வெட்டி, மேலே எலாஸ்டிக். அவ்வளவுதான். கோடு போட்ட பக்கம் நேராக வரட்டும், கட்டம் போட்டது என்றால் கட்டம் பொருந்தட்டும். பிறந்த குழந்தைக்கு என்றால் நைந்த எட்டு முழ வேட்டிக்கு மிஞ்சியது எதுவுமில்லை. முதல் துணி பழந்துணியாக இருக்கட்டும் என்று நம் பெரியவர்கள் சொன்னதில் வசதியும் உண்டு. கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து வெயிலில் காயவைத்து ஜப்லா தைக்கலாம். நாடாவைக் கழுத்துப் பக்கம் வைக்காதீர்கள், நெஞ்சோரம் பக்கவாட்டில், முடிச்சுப் போடுகிற அளவுக்கு மட்டும் குட்டையாக வையுங்கள்.

பொம்மைக்கு

மிச்சம் வைத்த சேலைத்துண்டும் சட்டையின் உதிரிகளும் இனி வெளியே வரட்டும்.

முதலில் படுக்கை. பனை ஓலைப் பெட்டி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், இந்த மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை. பெட்டியின் உள் அளவைவிட எல்லாப் பக்கமும் அரை இஞ்ச் கூட்டி இரண்டு துண்டு வெட்டி, மூன்று பக்கம் தைத்துத் திருப்பி, இலவம்பஞ்சு அடைத்து, நாலாவது பக்கத்தைக் கையால் மூடினால் மெத்தை. இலவம்பஞ்சு பறக்கும், காற்றாடியை நிறுத்திவிட்டு உட்காருங்கள். பஞ்சு இல்லாவிட்டால் நைந்து கழித்த துணியைச் சின்னச் சின்னதாகக் கத்தரித்து அடைக்கலாம். கரையை ஒரு முழம் வெட்டி இரண்டு முனையை மடித்தால் பாய்.

அடுத்து பை. முழுக்கைச் சட்டையின் கைப்பட்டியை, பட்டனும் காஜாவும் சேர்த்து, அப்படியே வெட்டி எடுங்கள். மூன்றாக மடித்துப் பாருங்கள். பட்டன் பக்கம் உள்ளே போய், காஜா பக்கம் மூடியாக மேலே வந்து விழும். இரண்டு ஓரமும் கையால் தைத்தால் மூடியுள்ள குட்டிப் பை. ஐந்து நிமிடம் ஆகாது. என் பேத்தி பொம்மைக்குக் கொடுக்காமல் அதில் தன் பல்லி மிட்டாயைப் போட்டுவைத்துக்கொண்டாள்.

சின்னதாகிப்போன சாக்ஸின் மேல்பகுதியை மூன்று விரல் நீளம் வெட்டிப் பொம்மையின் மேல் ஏற்றினால் சட்டை. தையலே இல்லை. அந்த வாய்ப்பட்டி இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

சேலை கட்டவேண்டும் என்பார்கள். பார்பி அளவுப் பொம்மை பதினொன்றரை இஞ்ச் உயரம். நம் ஐந்தரை மீட்டரை அந்த உயரத்துக்குக் கணக்குப் போட்டால் ஒரு மீட்டர் நீளமும் 8 இஞ்ச் அகலமும் வரும். கணக்கு சரி, கட்டினால் சரியாக வராது. சேலையைச் சின்னதாக்கலாம், இழையின் தடிமனைச் சின்னதாக்க முடியாதே. கைத்தறித் துணி பொம்மையின் இடுப்பில் பந்து மாதிரி உப்பி நிற்கும். மல் வேட்டி, பழைய துப்பட்டா, கைக்குட்டை மாதிரி மெல்லியதாக எடுத்து, நீளத்தை முக்கால் மீட்டருக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். கரைக்கு மட்டும் அரை இஞ்ச் ரிப்பன் போதும். கைக்குட்டையின் மூலையை எடுத்தால் இரண்டு பக்கம் மடித்தே இருக்கும்.

ரவிக்கை, கவுன் என்று உடம்பை ஒட்டித் தைக்கத்தான் பொறுமை வேண்டும். பொம்மையின் உடம்பில் மெல்லிய பிளாஸ்டிக் கவரைச் சுற்றி, அதன்மேல் காகித டேப்பை ஒட்டி, வேண்டிய வடிவத்தைப் பேனாவால் வரைந்து, முதுகுப் பக்கம் வெட்டிக் கழற்றுங்கள். தட்டையாக விரித்தால் அதுதான் மாதிரி. சுற்றிலும் கால் இஞ்ச் சேர்த்துத் துணியை வெட்டுங்கள். பொம்மையின் கை நம் கை மாதிரி மடங்காது, ஆகவே முதுகு முழுக்கத் திறந்து ஒட்டுப்பட்டி (வெல்க்ரோ) வைப்பதுதான் வழி. மிஷினில் தைத்தால் சின்னத் துணியை ஊசிக்கு அடியில் இருக்கிற பல் உள்ளே இழுத்துக் கொள்ளும். அடியில் ஒரு துண்டு நியூஸ்பேப்பர் வைத்துச் சேர்த்தே தைத்துவிட்டு, அப்புறம் காகிதத்தைக் கிழித்து எடுங்கள். வெள்ளைத் துணி என்றால் மை ஒட்டும், வெறுங்காகிதம் வையுங்கள்.

வீட்டில் மரப்பாச்சி இருந்தால் உங்களுக்கு யோகம். அதன் கை உடம்போடு ஒட்டியே இருக்கும், கை வைத்த சட்டை எதுவும் ஏறாது. சுற்றிக் கட்டுகிற பாவாடையும் ஒரு துண்டுத் தாவணியும்தான். குழந்தையே கட்டிக்கொள்ளும்.

மாலை கோக்க என்று ராமேசுவரம் பக்கம் போனவர்கள் சிப்பியும் சோழியும் வாங்கி வருவார்கள். கரையில் பொறுக்கியும் வருவார்கள். பவளத்துண்டு, கடல் விசிறி, கடற்குதிரை இவற்றைத் தொடவே தொடாதீர்கள், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சில சங்கு வகைகளும் அந்தப் பட்டியலில் உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்காவாக இருப்பதும் இவற்றைக் காக்கத்தான். உடைந்த சிப்பி விரலைக் கீறும், முழுச் சிப்பி வாய்க்குள் போகும். அதற்குப் பதில் கிராஸ் பட்டியின் மிச்சத்தைக் குழாயாகத் தைத்து, நடுநடுவே முடிச்சுப் போட்டால் துணியாலேயே மணிமாலை வரும். அறுந்த வலைத்துண்டில் பொம்மைக்குத் தொட்டில் கட்டலாம் என்று எனக்கும் ஒரு யோசனை வந்தது. மெல்லிய நரம்பு வலை பிள்ளையின் விரலில் சுற்றி இறுகிப் போனது. இப்போது தொட்டிலும் சேலைத்துண்டில்தான்.

மூன்று வயதுக்குள் உள்ள குழந்தை வீட்டில் இருந்தால் பொம்மைக்குக் கூட பட்டன், மணி, ஜிகினா வேண்டாம். கண், மூக்கு எல்லாம் நூலால் போடுங்கள். பெரிய குழந்தையின் உடுப்பில் பட்டன் தைத்தால், தைத்ததும் இரண்டு விரலால் பிடித்து முழு பலத்தோடு இழுத்துப் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு ஒரு குவியல் கிழிசல் மிஞ்சும். நான் அதை விரல் நீளக் கீற்றுகளாக வெட்டிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுவேன். அந்த மதினி பாசி எடுக்கக் கடலுக்குப் போகிறவர். பாறையில் கை கிழியாமல் இருக்க விரலுக்கு விரல் துணி சுற்றிக்கொண்டுதான் இறங்குவார். சேலைக்கு மேலே போட்டுக்கொள்ள முழுக்கைச் சட்டையும் அவருக்கு வேண்டும், அதனால் நல்ல சட்டை கிடைத்தால் முதல் பாத்தியதை அவருக்குத்தான், கவுனுக்கு அப்புறம்தான்.

ஊருக்கு அனுப்பும்போது பூச்சி உருண்டை போடாதீர்கள். குழந்தை மிட்டாய் என்று வாயில் போடும், அந்த நெடியும் கைக்குழந்தைக்கு ஆகாது. நிழலில் காய்ந்த வேப்பிலையை ஒரு துணியில் முடிந்து வைத்தால் போதும். பாவாடையோடு அதே நிற நூலைக் கொஞ்சம் அட்டையில் சுற்றி, எந்தத் தையலைப் பிரிக்க வேண்டும் என்று டக் ஓரத்தில் வேறு நிற நூலில் ஒரு அடையாளமும் போட்டு அனுப்புங்கள். என் மகள் வீட்டில் கத்தரிக்கோல் கிடையாது. போன தீபாவளிக்கு முதல் டக்கைப் பிரித்தது மாப்பிள்ளையாம், நகவெட்டியை வைத்து. ஒரு இழை கூட அறுபடவில்லை என்று போட்டோ அனுப்பியிருந்தார்.